மரம் வாங்கும் முன் ஜன்னலைப் பாருங்கள்

தீபாவளியை ஒட்டி, சிம்லா, சோலன், முசூரி போன்ற மலைநகரங்களின் கடைத்தெருக்களில் தொட்டிச் செடிகள் வந்திறங்கும். சமவெளி நாற்றுப்பண்ணைகளிலிருந்து சிறு லாரிகளில் வருபவை அவை. அவற்றுள் முதலில் விற்றுப்போவது காய்த்துக் குலுங்கும் எலுமிச்சையும், ‘சைனா ஆரஞ்சு’ என்று அழைக்கப்படும் சிறு பழ வகையும்தான். பண்டிகைப் பரிசாக வாங்குவோர் உண்டு. பணி மாறுதலில் புதிதாக வந்து, வெறுமையாகக் கிடக்கும் வாடகை வீட்டிற்கு ஒரு பசுமை வேண்டும் என்று வாங்குவோரும் உண்டு. மார்ச் மாதத்தில் அதே வீடுகளின் பின்புறத்தில் அதே தொட்டிகள் காய்ந்த குச்சிகளோடு நிற்கும். “இந்தக் குளிரில் எலுமிச்சை பிழைக்குமா?” என்பார் ஒருவர். “எனக்குக் கைராசி இல்லை” என்பார் இன்னொருவர்.

இவ்விரண்டு விடைகளையும் நான் ஏற்பதற்கில்லை. வீட்டிற்குள் வைக்கப்பட்ட தொட்டி எலுமிச்சையைப் பெரும்பாலும் கொல்வது வெளியே பெய்யும் பனியன்று. அதைக் காப்பாற்றுவதாக எண்ணி நாம் செய்யும் ஏற்பாடுகளே. ஆகவே இக்கட்டுரையில் இரண்டு கருத்துகளை முன்வைக்க விரும்புகிறேன். ஒன்று, குளிர்ப்பகுதியில் வாழ்வோர் மரத்தை வாங்குவதற்கு முன் அதன் குளிர்கால இருப்பிடத்தை முடிவு செய்ய வேண்டும். மற்றொன்று, அத்தகைய இருப்பிடம் இல்லாதோருக்காக, கட்டணம் பெற்றுக்கொண்டு மரங்களைக் காத்துத்தரும் இடங்கள் நமது மலைநகரங்களில் தோன்ற வேண்டும்.

தோட்டக்கலை எனது துறையன்று. வணிகவியல் படித்து வங்கிப் பணிக்கு வந்தவன் நான். இமாசலப் பிரதேசத்தில் பணியாற்றிய ஆண்டுகளில் ஆப்பிள் தோட்டக் கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிப்பதற்காக மரங்களைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. மாலை வேளைகளில், வீட்டுத் தாழ்வாரத்தில் நின்ற எலுமிச்சைத் தொட்டிகளிடமிருந்து மேலும் சிலவற்றைக் கற்றேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

வேரின் வரவும் இலையின் செலவும்

சிம்லா மாவட்டத்தின் செல்வம் ஆப்பிள். அந்த மரத்திற்குக் குளிர் தேவை. இலையுதிர்த்து உறங்கும் ஆப்பிள் மரம், போதிய மணி நேரம் குளிரை அனுபவித்தால்தான் வசந்தத்தில் ஒழுங்காகப் பூக்கும். குளிர் குறைந்த ஆண்டில் தோட்டக்காரர் முகம் வாடுவதையும், கடன் தவணைகள் தள்ளிப்போவதையும் அங்குள்ள வங்கியாளர் அனைவரும் அறிவர்.

எலுமிச்சைக் குடும்பத்து மரங்களின் இயல்பு வேறு. அவை ஆண்டு முழுவதும் இலை தாங்குபவை. இக்குடும்பத்தின் தாயகம் இமயத்தின் தென்கிழக்கு அடிவாரம் என்று மரபணு ஆய்வுகள் கூறுகின்றன. வடகிழக்கு இந்தியா, வடக்கு மியான்மர், சீனத்தின் யுனான் ஆகிய பகுதிகள் அதில் அடங்கும். மேகாலயத்தின் காரோ மலைகளில், நோக்ரெக் பகுதியில், காட்டு நாரத்தை இனங்களைக் காப்பதற்கென்றே ஒரு காப்பகம் உள்ளது. மலையில் பிறந்தவையாயினும் இம்மரங்கள் மழையும் மிதவெப்பமும் மிகுந்த மலையில் பிறந்தவை. குளுமை அவற்றுக்குப் பழக்கம், உறைபனி பழக்கமில்லை.

ஏறத்தாழ 13 டிகிரி செல்சியசுக்குக் கீழே இம்மரங்களின் வளர்ச்சி நின்றுவிடுகிறது. வேர்கள் நீரை உறிஞ்சும் வேகமும் மிகக் குறைகிறது. ஆனால் இலைகள் உதிர்வதில்லை. வெளிச்சமும் வெப்பமும் கிடைத்தால் அவை நீரை ஆவியாக வெளியிட்டுக்கொண்டே இருக்கும். இனி, ஒரு மலைநகர வீட்டின் வரவேற்பறையை எண்ணிப்பாருங்கள். மின்சார ஹீட்டர் அறையின் காற்றை இருபது டிகிரிக்கு மேல் உயர்த்தி, ஈரப்பதத்தையும் உலர்த்திவிடுகிறது. தொட்டியோ குளிர்ந்த சிமெண்டுத் தரையில் நிற்கிறது. தலை கோடையில், கால் குளிரில். வேரின் வரவு நின்றுபோக, இலையின் செலவு மட்டும் தொடர்கிறது. இந்தப் பற்றாக்குறையைச் சமாளிக்க மரம் அறிந்த வழி ஒன்றே: செலவு செய்யும் இலைகளை உதிர்த்துவிடுவது.

இலை உதிர்வதைக் காணும் வீட்டார் பதறுகின்றனர். தாகம் என்று எண்ணி நாள்தோறும் நீர் ஊற்றுகின்றனர். உறிஞ்ச இயலாத வேர், குளிர்ந்த சேற்றில் நின்று அழுகுகிறது. அல்லது, குளிர் தாங்கவில்லை என்று எண்ணித் தொட்டியை ஜன்னலிலிருந்து எடுத்து, அறையின் மூலையில் ஹீட்டருக்கு அருகே வைக்கின்றனர். அங்கே வெளிச்சம் மிகக் குறைவு. இருட்டில், வறண்ட காற்றில், மிஞ்சிய இலைகளைச் சிலந்திப்பேன்களும் செதில் பூச்சிகளும் பற்றிக்கொள்கின்றன. வெளியில் அவற்றைக் கழுவிச் செல்லும் மழையும், தின்று தீர்க்கும் பிற பூச்சிகளும் அறைக்குள் இல்லை. பிப்ரவரி முடிவதற்குள் கணக்கு முடிந்துவிடுகிறது.

கரி அடுப்பைப் பற்றியும் ஒரு சொல். வடநாட்டு மலைப்பகுதிகளில் அங்கீட்டி எனப்படும் கரிக் கணப்பை இன்றும் சிலர் வீட்டிற்குள் வைக்கின்றனர். அதன் புகையிலுள்ள எத்திலீன் வாயு எலுமிச்சை இலைகளை உதிர்க்கக்கூடியது. அதைவிடப் பெரிய ஆபத்து, மூடிய அறையில் அது வெளியிடும் கார்பன் மோனாக்சைடு; மணமும் நிறமும் இல்லாத அவ்வாயு உறங்குவோரின் உயிரையே குடிக்கும். மரத்தை முன்னிட்டேனும் அந்தக் கணப்பை அறையை விட்டு வெளியேற்றுவது நலம்.

சூடேற்றாத அரண்மனை

குளிர்நாட்டில் ஆரஞ்சு வளர்ப்பது ஐரோப்பிய அரசர்களின் பெருமைக்குரிய பொழுதுபோக்காக இருந்தது. அதன் உச்சம் பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் உள்ள ஆரஞ்சு மாளிகை. பதினான்காம் லூயி மன்னருக்காகக் கட்டடக் கலைஞர் ஜூல் ஆர்துவான்-மான்சார் 1684 முதல் 1686 வரை அதைக் கட்டினார். நடுக்கூடத்தின் நீளம் மட்டும் 150 மீட்டருக்கும் மேல். மரப்பெட்டிகளில் வளரும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் இன்றும் குளிர்காலத்தை அதனுள்ளே கழித்து, மே மாதத்தில் வெளியே வருகின்றன. அக்டோபரில் உள்ளே திரும்புகின்றன. அவற்றுட் சில இருநூறு ஆண்டுகளைக் கடந்தவை.

நமக்குரிய பாடம் அதன் பிரம்மாண்டத்தில் இல்லை. அதன் எளிய திட்டத்தில் இருக்கிறது. அந்த மாளிகை தெற்கு நோக்கியது. சுவர்கள் மிகத் தடித்தவை. ஜன்னல்கள் உயரமானவை, அவற்றுக்கு இரட்டைக் கண்ணாடி. அதில் சூடேற்றும் ஏற்பாடு இல்லை. பகலில் தாழ்ந்து வரும் குளிர்காலச் சூரியனின் வெப்பத்தைக் கல் வாங்கிக்கொள்கிறது. இரவில் சிறிது சிறிதாகத் திருப்பித் தருகிறது. உள்ளே வெப்பநிலை ஐந்து டிகிரிக்குக் கீழே இறங்காமல் இருப்பதே குறிக்கோள். மரங்கள் வளர வேண்டும் என்று அங்கு எவரும் எதிர்பார்ப்பதில்லை. அவை உறையாமல், உலராமல், வெளிச்சத்தை இழக்காமல் ஓய்வெடுத்தால் போதும்.

அந்த ஓய்வு வீண் காலமன்று. சில வாரக் குளுமையே எலுமிச்சைக் குடும்பத்து மரங்களைப் பூக்கத் தூண்டுகிறது. ஆண்டு முழுவதும் ஒரே சூட்டில் வைத்த மரத்தைவிட, குளிர்ந்த அறையில் ஓய்வெடுத்த மரம் வசந்தத்தில் நன்கு பூப்பதன் காரணம் இதுவே. உறைபனிதான் பகை, குளுமை மரத்திற்குத் துணை. குளுமையை அஞ்சி ஹீட்டருக்கு ஓடுவோர் துணையைத் துரத்திவிடுகின்றனர்.

சிம்லாவின் கண்ணாடித் தாழ்வாரம்

வெர்சாய் மாளிகையின் திட்டம் சிம்லாவின் பழைய வீடுகளில் முன்பே இருக்கிறது என்றால் வியப்பாக இருக்கலாம். சுமார் 2,200 மீட்டர் உயரத்தில், தெற்கு நோக்கிய சரிவுகளில் கட்டப்பட்ட பல வீடுகளில் கண்ணாடி அடைத்த தாழ்வாரம் உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் வெயில் காயக் கட்டியது அது. டிசம்பர் இறுதியில் நண்பகல் சூரியன் அங்கே அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 35 டிகிரி உயரத்திற்கே எழுகிறது. அந்தச் சாய்ந்த ஒளி தாழ்வாரத்தின் உட்சுவர் வரை எட்டும். ஜனவரி இரவுகளில் வெளியே சராசரியாக இரண்டு, மூன்று டிகிரி. சில இரவுகளில் உறைநிலைக்கும் கீழே. கண்ணாடிக்கு உட்புறம் அதைவிடச் சில டிகிரி கூடுதலாக இருக்கும். எலுமிச்சைக்கு அது போதும்.

எங்கள் கிளையின் வாடிக்கையாளரான ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் அத்தகைய தாழ்வாரத்தில் பல ஆண்டுகளாக ஓர் எலுமிச்சை மரத்தை வளர்த்து வந்தார். ஓய்வூதியர் வாழ்நாள் சான்றிதழ் கொடுக்க நவம்பரில் வரும்போதெல்லாம் இரண்டு பழங்களைக் கைப்பையில் கொண்டுவருவார். மரத்தை எப்படிப் போர்த்தி வைக்கிறீர்கள் என்று ஒருமுறை வினவினேன். “ஆபீசர் சாஹப், மரத்திற்கு ரஜாய் வேண்டாம், ஜன்னல்தான் வேண்டும்” என்றார். வேளாண் நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை அந்த அம்மையார் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

அவரிடமும் பிறரிடமும் கண்டு, நானும் கடைப்பிடித்துப் பயன் பெற்ற நடைமுறையைச் சுருக்கமாகத் தருகிறேன். இரவு வெப்பநிலை ஐந்து டிகிரியை நெருங்குவதற்கு முன், அதாவது சிம்லாவில் நவம்பர் முற்பகுதியில், தொட்டியை உள்ளே கொணர வேண்டும். கொணருமுன் இலைகளின் அடிப்புறத்தை இளஞ்சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்தால் பூச்சிகள் உடன்வரா. தொட்டியைத் தரையில் வைக்காமல் பலகையின் மீதோ, இரண்டு செங்கற்களின் மீதோ ஏற்ற வேண்டும். வேர் குளிர்வது குறையும். மேல்மண் இரண்டு அங்குலம் வரை உலர்ந்த பின்னரே நீர் ஊற்ற வேண்டும். குளிர்ந்த தாழ்வாரத்தில் இது பத்து முதல் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறையே தேவைப்படும். குழாயிலிருந்து வரும் பனிநீரை அப்படியே ஊற்றாமல், முதல் நாளே வாளியில் பிடித்து அறைக்குள் வைத்திருத்தல் நன்று. குளிர்காலத்தில் உரமிடல் கூடாது. இலை மஞ்சளாவது பெரும்பாலும் வேர் குளிர்ந்ததால் வருவது. அதற்கு உரம் மருந்தாகாது. வெளியே கடும் உறைபனி என்று அறிந்த இரவில் மட்டும் கண்ணாடிக்கும் மரத்திற்கும் இடையே ஒரு பழைய போர்வையைத் திரையாகத் தொங்கவிடலாம். காலையில் அதை நீக்கிவிட வேண்டும்.

ஏப்ரலில் வெளியே வைக்கும்போது முதல் பத்து நாட்கள் நிழலில் வைத்துப் பழக்க வேண்டும். அறைக்குள் இருந்த இலை திடீர் வெயிலில் வெந்துவிடும். வசந்தத்தின் ஆலங்கட்டி மழைக்கும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். கடுகுப் பிண்ணாக்கு ஊறிய நீரோ, மட்கிய எருவோ மார்ச் முதல் செப்டம்பர் வரை கொடுக்கலாம். சிம்லாவின் ஜூலை, ஆகஸ்டு மழையில் தொட்டிகள் நீர் தேங்கி அழுகுவதுண்டு. அம்மாதங்களில் அடித்துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பது குளிர்காலக் கவனத்தைப் போலவே முக்கியம்.

எதை வாங்குவது?

இனிப்புச் சேரப் பழத்திற்கு நீண்ட வெப்பம் வேண்டும். புளிப்புக்கு அந்தத் தேவை இல்லை. மலைநகரத்தின் குறுகிய கோடையில் சாத்துக்குடியோ நாகபுரி ஆரஞ்சோ தொட்டியில் இனிக்கும் என்று எதிர்பார்ப்பது வீண். எலுமிச்சை, சைனா ஆரஞ்சு, தோலோடு உண்ணத்தக்க கும்குவாட் ஆகிய புளிப்பு வகைகளே பொருத்தமானவை. அவற்றுள்ளும் கும்குவாட் குளிரை மிகுதியாகத் தாங்கும். எலுமிச்சையே மிகவும் மென்மையானது.

எலுமிச்சை இனத்தில் மேயர் என்ற வகைக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்க வேளாண்மைத் துறைக்காகச் செடிகளைத் தேடிச் சீனம் சென்ற ஃபிராங்க் மேயர் 1908ஆம் ஆண்டில் பீஜிங் பகுதியிலிருந்து அதைக் கொண்டுசென்றார். அங்கே அது தொட்டியில் வளர்க்கும் அழகுச் செடியாக இருந்தது. பீஜிங்கின் ஜனவரி, சிம்லாவின் ஜனவரியினும் கடுமையானது. தொட்டியைத் தூக்கி உள்ளே வைக்க முடிந்ததால்தான் அச்செடி அந்த ஊரில் நிலைத்தது என்பது வெளிப்படை. இன்று உலகெங்கும் குளிர்ப்பகுதி வீடுகளில் மிகுதியாக வளர்க்கப்படும் எலுமிச்சை வகைகளுள் அதுவும் ஒன்று.

வாங்குவோர் கவனிக்காத மற்றொன்று, மண்ணுக்குள் இருக்கும் பாதி. ஒட்டுக்கன்று என்பது இரண்டு செடிகளின் கூட்டு நிறுவனம். மேலே காய்க்கும் வகை ஒன்று. கீழே வேர் தரும் செடி வேறு ஒன்று. வட இந்தியச் சமவெளி நாற்றுப்பண்ணைகளில் பெரிதும் பயன்படுவது ‘ஜட்டி கட்டி’ எனப்படும் காட்டு எலுமிச்சை வேர். அது வேகமாக வளரும். ஆனால் குளிருக்கு மென்மையானது. மூன்று சிற்றிலைகள் கொண்ட மூவிலை நாரத்தையோ குளிர்காலத்தில் இலையுதிர்த்து, உறைநிலைக்கு மிகக் கீழேயும் உயிர்வாழ வல்லது. அதன் வேரில் ஒட்டிய மரம் குளிரைக் கூடுதலாகத் தாங்கும். தொட்டிக்கு ஏற்றவாறு குறுகியும் வளரும். ஜப்பானியர் தமது ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு நெடுங்காலமாக இவ்வேரையே பயன்படுத்தி வருகின்றனர்.

ஒரு பாக்கெட் பிஸ்கட்டின் உறையில் அதன் உட்பொருள் யாவும் அச்சிடப்பட்டிருக்கின்றன. பல ஆண்டுகள் வாழ வேண்டிய ஒரு மரத்தின் தொட்டியில் ‘நிம்பு’ என்ற ஒரு சொல் மட்டுமே ஒட்டப்பட்டிருக்கிறது. மேல்வகை எது, வேர்ச்செடி எது, எந்த வெப்பநிலை வரை தாங்கும் என்ற மூன்று செய்திகளைச் சீட்டில் எழுதுவது நாற்றுப்பண்ணைக்குப் பெரிய செலவன்று. வாங்குபவர் கேட்கத் தொடங்கினால் விற்பவர் எழுதத் தொடங்குவார்.

விலையும் செலவும்

மூலதனச் செலவு வேறு, நடைமுறைச் செலவு வேறு என்பது வணிகவியல் மாணவரின் முதற்பாடம். மரத்தின் விலை சில நூறு ரூபாய். அது ஒருமுறை கொடுப்பது. ஆண்டுதோறும் கொடுக்க வேண்டியவை வேறு: தெற்கு ஜன்னலருகே மூன்று சதுர அடி இடம், இரண்டு முறை தூக்கி வைக்கும் உடல் வலிமை, ஊருக்குச் செல்லும் வாரங்களில் பார்த்துக்கொள்ளும் ஓர் அண்டை வீட்டார். பன்னிரண்டு அங்குலத் தொட்டி ஈர மண்ணுடன் இருபது கிலோ இருக்கும். பதினெட்டு அங்குலத் தொட்டி ஐம்பது கிலோவைத் தாண்டும். மரம் வளர வளர இந்தச் செலவும் வளர்கிறது. நாற்பது வயதில் எளிதாகத் தூக்கிய தொட்டியை எழுபதில் தூக்க இயலாது. ஆகவே சக்கரப் பலகையும், ஆண்டுதோறும் கிளைகளைக் கழித்து மரத்தைச் சிறிதாக வைத்திருக்கும் பழக்கமும் தொடக்கத்திலேயே வேண்டும்.

எம்மைப் போன்ற மாறுதலுக்குரிய பணியாளர்களுக்கு இன்னொரு செலவும் உண்டு. மூன்றாண்டுகளில் ஆணை வரும். எலுமிச்சை மரம் சரக்கு லாரியில் அத்தனை எளிதாக வராது. எனது மாறுதல் ஆணை வந்தபோது, என் மரத்தை யாரிடம் ஒப்படைப்பது என்பது பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழுக்கு அடுத்த கவலையாக இருந்தது. முன்னே குறிப்பிட்ட ஆசிரியை அம்மையாரே அதைத் தம் தாழ்வாரத்தில் ஏற்றுக்கொண்டார். எல்லோருக்கும் அத்தகைய அறிமுகம் வாய்ப்பதில்லை.

“பத்து ரூபாய்க்கு எலுமிச்சை கிடைக்கையில் இத்தனை பாடு எதற்கு?” என்று வினவுவோர் உண்டு. நியாயமான வினா. பழத்தின் விலையைக் கொண்டு கணக்கிட்டால் இத்தொழில் என்றும் நட்டமே. இமாசலத்தின் தாழ்ந்த மலைப்பகுதிகளில் ‘கல்கல்’ எனும் பெரிய மலை எலுமிச்சை நிலத்திலேயே விளைகிறது. ஊறுகாய்க்கு அதை வெல்ல வேறில்லை. பழம் வேண்டுவோர் அதை வாங்குவதே அறிவுடைமை. தெற்கு வெளிச்சம் இல்லாத வீட்டினரும், குளிர்காலத்தில் இரண்டு மாதம் வீட்டைப் பூட்டிவிட்டுச் சமவெளிக்கு இறங்குவோரும் எலுமிச்சை வாங்க வேண்டாம் என்பதே எனது அறிவுரை. ஸ்ரீநகரில் டிசம்பர் 21 தொடங்கி நாற்பது நாட்கள் நீளும் ‘சில்லாய் கலான்’ கடுங்குளிர்க் காலத்தில், சூடேற்றாத தாழ்வாரமும் உறைந்துவிடும்; அங்கே இம்முயற்சி இன்னும் கடினம்.

ஆனால் மரம் வளர்ப்போர் பழத்திற்காக மட்டும் வளர்ப்பதில்லை. வெளியே எல்லாம் வெளுத்துக் கிடக்கும் பிப்ரவரியில், கண்ணாடிக்குப் பின்னே ஒரு கிளை மொட்டு விடுவதைக் காண்பதற்கு விலை குறிக்க இயலாது. பிள்ளைகள் தொலைநாடுகளில் இருக்க, தனித்து வாழும் முதியோர் பலருக்குக் காலையில் சென்று பார்க்க ஓர் உயிர் இருப்பது சிறிய செய்தியன்று. அந்த உயிர் ஒவ்வொரு குளிர்காலத்திலும் மடிந்து, ‘எனக்குக் கைராசி இல்லை’ என்று அவர்கள் நம்பிவிடுவதே நான் வருந்தும் இழப்பு. அது தவிர்க்கக்கூடிய இழப்பு.

மரங்களுக்கும் ஒரு பெட்டகம்

இனி எனது இரண்டாவது கருத்து. ஜெர்மனியில் பல நாற்றுப்பண்ணைகள் குளிர்காலக் காப்பகங்களை நடத்துகின்றன. இலையுதிர் காலத்தில் வாடிக்கையாளரின் தொட்டி மரங்களைப் பெற்றுக்கொண்டு, தமது கண்ணாடி வீடுகளில் வைத்துப் பராமரித்து, வசந்தத்தில் திருப்பித் தருகின்றன. கட்டணம் மரத்தின் அளவையோ அது அடைக்கும் இடத்தையோ பொறுத்தது.

நமது மலைநகரங்களில் இது ஏன் இயலாது? இமாசலத்திலும் உத்தராகண்டிலும் கார்னேஷன் மலர்களுக்கும் குடைமிளகாய்க்குமாகப் பசுமைக்குடில்கள் ஏராளமாக எழுந்துள்ளன. ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கம் போன்ற அரசுத் திட்டங்கள் அவற்றுக்கு மானியமும் வழங்கி வருகின்றன. நகருக்கு அருகேயுள்ள ஒரு குடிலில், குளிர்காலத்தில் விளைச்சல் குறைந்த ஒரு பகுதியை ஒதுக்கினால் போதும். ஓர் உதாரணக் கணக்கு: நூறு தொட்டிகள், தொட்டிக்கு மாதம் நூறு ரூபாய், ஐந்து மாதங்கள் என்று கொண்டால் வருமானம் ஐம்பதாயிரம் ரூபாய். பாதைகளையும் சேர்த்து ஐம்பது அறுபது சதுர மீட்டரில் அவை அடங்கும். பெருஞ்செல்வமன்று, ஆயினும் வெறுமையாகக் கிடக்கும் இடத்திற்கும் மந்தமான பருவத்திற்கும் அது நல்ல துணை வருவாய்.

பாதுகாப்புப் பெட்டகத்தை நடத்தும் வங்கியாளர் என்ற முறையில் சில நிபந்தனைகளைச் சொல்வேன். மரத்தைப் பெறும்போது அதன் உயரம், இலைகளின் நிலை, பூச்சி உண்டா என்பவற்றைக் குறித்து, ஒரு புகைப்படமும் எடுத்து இரசீது கொடுக்க வேண்டும். தொட்டியில் கழன்று போகாத எண் அட்டை கட்ட வேண்டும். பூச்சி கண்ட மரத்தைத் தூய்மை செய்யும் வரை தனியே வைக்க வேண்டும். ஒருவரின் செதில் பூச்சி மற்ற தொண்ணூற்றொன்பது பேரையும் சேர்ந்துவிடக் கூடாது. மரம் மடிந்தால் யார் பொறுப்பு, எவ்வளவு வரை என்பது முதல் நாளே எழுத்தில் இருக்க வேண்டும். தொட்டிகளை வீட்டிலிருந்து எடுத்துச் சென்று திருப்பித் தரும் வண்டி ஏற்பாடும் இருந்தால், தூக்க இயலாத முதியோருக்கு அது பேருதவி. இந்த ஒழுங்கு இருக்குமிடத்தில் நம்பிக்கை வளரும். நம்பிக்கை வளர்ந்தால் வாடிக்கையாளரும் பெருகுவர்.

இக்காப்பகத்தால் வணிகருக்கும் நன்மை உண்டு. ஒவ்வோர் ஆண்டும் மடியும் மரத்தை விற்பவரிடம் மக்கள் மூன்றாம் ஆண்டில் செல்வதில்லை. பிழைத்த மரத்தின் உரிமையாளரோ பெரிய தொட்டிக்கும், எருவுக்கும், அடுத்த மரத்திற்கும் மீண்டும் அதே கடைக்கு வருவார்.

இந்த ஏற்பாடுகள் நிறைவேறும் வரை நாம் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. குளிர்ப்பகுதியில் வாழும் நண்பருக்கு எலுமிச்சை மரம் பரிசளிக்க விரும்பினால், தீபாவளிக்குக் கொடுக்காதீர்கள், ஏப்ரலில் கொடுங்கள். பண்ணையின் கதகதப்பிலிருந்து நேரே குளிருக்குள் இறங்கிய மரத்திற்குப் புதிய வீட்டோடு பழக ஒரு மாதம்கூடக் கிடைப்பதில்லை. வசந்தத்தில் வந்த மரமோ ஏழு மாதங்கள் வேரூன்றிய பின்னரே தன் முதல் குளிர்காலத்தைச் சந்திக்கும். பழங்கள் தொங்கும் மரத்தைத் தேடாமல், புதிய தளிர் விட்டிருக்கும் இளமரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

உங்களுக்கே வாங்குவதாயின், ஒரு ஜனவரி நாளின் நண்பகலில் உங்கள் வீட்டில் வெயில் எங்கே விழுகிறது, எத்தனை மணி நேரம் விழுகிறது என்று முதலில் பாருங்கள். அந்த இடத்தில் ஒரு தொட்டி வைக்க மனமும் வழியும் இருந்தால், மூன்று மாதம் பொறுத்து, மார்ச் முடிந்ததும் கடைக்குச் செல்லுங்கள். இல்லையேல் கல்கல் வாங்கி ஊறுகாய் போடுங்கள். இரண்டும் நல்ல முடிவுகளே. மலைநகரங்களில் நாற்றுப்பண்ணையும் பசுமைக்குடிலும் நடத்தும் வாடிக்கையாளர் பெருமக்கள் எவரேனும் இக்காப்பகத் திட்டத்தை ஒரு குளிர்காலத்திற்கேனும் நடத்திப் பார்க்க முன்வந்தால், தமது பகுதிக் கிளையில் வரவு செலவுத் திட்டத்தோடு வந்து பேசலாம். கேட்பதற்கு வங்கியாளர் இருக்கிறோம்.